கனக்காரனின் நிறம்

பழுப்பு நிலக்கரிச் சுரங்க நகரியத்தில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் பிரிவில் எனக்கு வேலை. யாருக்கு எந்த பிளாக்கில் எந்த வீடு என்று எழுதுகிற மேசை என்பதால் கல்யாண வீடுகளில் எனக்கு முன்வரிசையில் இடம் கிடைக்கும். அதற்கு மேல் அதிகாரம் ஒன்றும் இல்லை. ஓய்வு பெறுகிறவர் வீட்டைக் காலி செய்யும்போது, எத்தனை மின்விசிறி, எத்தனை குழாய், எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று பட்டியலோடு போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். முப்பது வருடமாக மனிதர்கள் இந்த ஊரைவிட்டுப் போவதை நான் தாழ்ப்பாள் வழியாகத்தான் பார்த்து வருகிறேன். மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் சிரிக்கிறார்களா என்று தெரியாது. வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

இந்த வருடம் மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காலி செய்யும் படிவத்தை என் மேசைமேல் வைத்தவன் என் நண்பன். மூன்றாம் வகுப்பிலிருந்து கூட இருப்பவன். சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர். மூட்டு தேய்ந்துபோனதால் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்திருந்தான்.

"என்னடா இது?"

"படிக்கத் தெரியும்ல? மாசக் கடைசில வூட்ட காலி பண்றேன்."

"எங்க போற?"

"ஓசூரு. பொண்ணும் மாப்ளயும் வேலைக்குப் போறாங்க. பேரன பாத்துகினு கெடக்கணும்."

"இங்கயே எங்கயாவது ஒரு எடம் பாத்திருக்கலாமே. உங்க ஊருப் பக்கமா."

"எங்க ஊருக்குப் போவணும்னா சுரங்கத்துக்குள்ள எறங்கணும்டா. எங்க தாத்தா வூடு இருந்த எடத்துலதான் இத்தினி வருசமா பெல்ட்டு ஓட்டிகினு இருந்தேன்."

இதை அவன் வருடத்துக்கு நாலு முறை சொல்வான். நானும் நாலு முறை சிரிப்பேன். அன்று இருவருமே சிரிக்க மறந்துவிட்டோம்.

போகும்போது வாசற்படியில் நின்று கேட்டான். "பொட்டி இருக்குதுல்ல?"

"இருக்கு."

"போறதுக்குள்ள ஒரு வாட்டி மொதல்லேருந்து படிச்சிடலாம். ஒண்ணாம் நம்பர்லேருந்து. கடைசி வரைக்கும்." பிறகு அவனே திருத்திக்கொண்டான். "கடைசி எங்க இருக்குது. முப்பத்தாறு வரைக்கும்."

சரி என்றேன். ஆனால் முப்பத்தேழு இருந்தது. என் வீட்டு அலமாரியில், மேல்தட்டில் விரித்த செய்தித்தாளுக்கு அடியில், பழுப்புக் காகித உறைக்குள். நாற்பது வருடத்துக்கு மேலாக அதை நான் ஒளித்து வைத்திருக்கிறேன். நாலு முறை குவார்ட்டர்ஸ் மாறியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனைவியின் நகைப்பெட்டிக்கு முன்னால் அதுதான் புது வீட்டுக்குள் போயிருக்கிறது.

பெட்டி என்பது ஒரு தகரப் பெட்டி. உள்ளே ஒரு சித்திரக்கதைத் தொடரின் தமிழ்ப் பதிப்பு. வெளிநாட்டுச் சரக்கு. உலகைக் காப்பாற்றுவதையே தொழிலாகக் கொண்ட ஆறு பேரின் கதை. தலைவனுக்குத் தாடையைத் தவிர வேறு சக்தி கிடையாது. ஒரு பெண்ணுக்குப் பத்து நிமிடம் முன்னால் நடக்கப்போவது தெரியும். இரட்டையர் இருவர், எத்தனை மைல் தள்ளி இருந்தாலும் பேசிக்கொள்வார்கள். ஒருவன் தொட்டால் எந்தப் பூட்டும் திறக்கும். ஆறாவது ஆள், நினைத்த மாத்திரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கனமாகிவிடுவான். நாங்கள் அவனைக் கனக்காரன் என்போம். மற்ற ஐந்து பேரும் பறந்து, பாய்ந்து, வசனம் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் ஏதாவது ஒன்றின்மேல் நின்று அதை நகராமல் பிடித்துக்கொண்டிருப்பான். பெரும்பாலும் ஒரு படத்தில் வருவான். சில இதழ்களில் கால் மட்டும் வரும்.

மாதம் ஒரு இதழ். இரண்டு வீட்டிலும் மாதாமாதம் புத்தகம் வாங்கித் தரும் பழக்கம் இல்லாததால் ஒற்றைப்படை எண் அவனுக்கு, இரட்டைப்படை எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். படிப்பது மட்டும் சேர்ந்து. அப்படிச் சேர்ந்து படிப்பதற்கு இந்த ஊருக்கே உரிய ஒரு முறை இருந்தது.

நைட் ஷிப்ட் முடித்து வரும் அப்பா காலையில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், மதியம் அவர் எழும்வரை வீடு மூச்சு விடக்கூடாது. குக்கர் விசில் கூடாது. ரேடியோ கூடாது. வாசலில் கீரைக்காரி வந்தால் அம்மா ஓடிப்போய் வாயில் விரல் வைத்துக் காட்டுவாள். கீரைக்காரிக்கே எந்த வீட்டில் எந்த ஷிப்ட் என்று தெரியும். விளையாட்டும் கூடாது, சண்டையும் கூடாது என்றால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது படிப்பதுதான். எங்கள் பிளாக்கில் இத்தனை பேர் இலக்கியம் படித்ததற்குக் காரணம் கலை ஆர்வம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எங்கள் இருவரின் அப்பாக்களும் சுரங்கத்தில்தான். ஷிப்ட் மட்டும் வேறு வேறு. எந்த வீட்டில் அப்பா தூங்கவில்லையோ அந்த வீட்டுக்குத் தகரப் பெட்டி போகும். அங்கே சத்தமாகப் படிக்கலாம். அவன் வில்லன்களை எடுத்துக்கொள்வான், நான் தலைவனை எடுத்துக்கொள்வேன், வெடிச் சத்தங்கள் இருவருக்கும் பொது. இரண்டு வீட்டிலும் அப்பாக்கள் தூங்கினால் வாய் திறக்காமல் படிக்க வேண்டும். புத்தகத்தை நடுவில் விரித்துவைத்து, பக்கத்தின் ஓரத்தை அவன் விரலால் பிடித்துக்கொண்டிருப்பான். நான் மெதுவாகப் படிப்பவன். முடித்துத் தலையாட்டினால்தான் திருப்புவான். ஒரு தடவைகூட அவன் எனக்கு முன்னால் திருப்பியது கிடையாது.

ஒரே ஒரு முறை கணக்கு தப்பியது. அவன் அப்பாவுக்கு அந்த வாரம் முதல் ஷிப்ட், சுரங்கத்தில் இருக்கிறார் என்று நம்பி அவன் வீட்டுப் பின்னறையில் பன்னிரண்டாம் இதழைக் கத்திக் கத்திப் படித்தோம். அவரோ, கூட வேலை செய்பவரின் தங்கை கல்யாணத்துக்காக ஷிப்டை மாற்றிக்கொண்டு, இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு முன்னறையில் படுத்திருந்தார். அவன் அம்மா அதைச் சொல்ல மறந்து ரேஷனுக்குப் போயிருந்தாள். நாங்கள் ஒரு பாலத்தை "டமால்" என்று தகர்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. சிவந்த கண்ணோடு அவன் அப்பா வந்து நின்றார். புத்தகத்தை வாங்கிக் குறுக்கே இரண்டாகக் கிழித்தார். கீழ்ப்பாதி வெந்நீர் அடுப்புக்குள் போயிற்று. மேல்பாதியைத் திருப்பிக் கொடுத்தார். அவரிடம் அந்த அளவுக்கு நியாயம் இருந்தது.

பன்னிரண்டு இரட்டைப்படை. என் புத்தகம். அவன் அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

இனி நிறத்துக்கு வருகிறேன். புத்தகத்தின் உள்ளே கறுப்பு வெள்ளை. வண்ணம் அட்டையில் மட்டும். ஐந்து பேரின் உடையும் என்ன நிறம் என்று எங்களுக்கு மனப்பாடம். கனக்காரன் மட்டும் ஒரு அட்டையிலும் வந்ததில்லை. ஆகவே அவன் நிறம் என்ன என்பது எங்கள் ஏழாம் வகுப்பின் தலையாய பிரச்சினை.

"பழுப்பு" என்றான் நண்பன். "மண்ணு கலரு. கனமா நிக்கறவன் வேற எப்டி இருப்பான்?"

நான் அப்போதே நூலகத்தில் உறுப்பினர். "நீலம்" என்றேன். "உலகத்துலயே கனமானது கடல். கடல் நீலம்."

"கடலு கனமா? அப்ப ஏன் அது எங்க வூட்டு மேல வுழல?"

தர்க்கம் இப்படி மூன்று மாதம் போய், பந்தயத்தில் முடிந்தது. தோற்றவன் ஜெயித்தவனின் பள்ளிக்கூடப் பையை ஒரு வருடம் தூக்க வேண்டும்.

முப்பத்தேழாம் இதழ் வந்த மாதம், அம்மாவோடு திருவதிகைக் கோயிலுக்குப் போய்விட்டுப் பண்ருட்டி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கடைக்கு வராத அந்த இதழ் அங்கே ஒரு கடையில், ஒரே பிரதியாக, கயிற்றில் தொங்கியது. அட்டை முழுக்கக் கனக்காரன் ஒருத்தன்தான். தலைமுதல் கால்வரை பழுப்பு. நம்ம ஊர் நிலக்கரியைத் தண்ணீரில் கரைத்துப் பூசினாற்போல் ஒரு பழுப்பு.

அம்மாவைக் கெஞ்சி வாங்கி, பஸ்ஸில் படித்து முடித்தேன். பெரிய அணை உடைகிறது. கனக்காரன் அதன் மதகின்மேல் நின்று பிடித்துக்கொள்கிறான். மற்ற ஐந்து பேரும் ஊரைக் காலி செய்கிறார்கள். தலைவன், "நாங்கள் திரும்பி வரும்வரை பொறுத்திரு!" என்கிறான். கடைசிப் படத்தில் கனக்காரன் தனியாக நிற்கிறான். "தொடரும்" என்று போட்டிருந்தது. தொடரவில்லை. அதோடு அந்த வரிசையையே நிறுத்திவிட்டார்கள்.

ஒற்றைப்படை. அவன் புத்தகம். நான் பண்ருட்டி போனது தெரிந்து, மறுநாள் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தான்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. எங்கப்பா கிழிச்சிட்டார்."

அது எங்கிருந்து வந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. "சத்தமாப் படிச்சேன். நைட் ஷிப்ட்டுன்னு மறந்துட்டேன். அடுப்புல போட்டுட்டார்." அவன் தன் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான். பிறகு, "சரி, எங்கப்பா உன்னுத கிழிச்சாரு, உங்கப்பா என்னுத கிழிச்சாரு" என்றான். பொய்க்கு இதைவிடப் பொருத்தமான சட்டை தைக்க முடியாது. ஒரு வருடம் பை தூக்குவதிலிருந்து தப்பித்தேன்.

பின்னாளில், அவனுக்குப் பிடித்தவன் அப்படி அநாதையாக நிற்பதை அவன் பார்க்க வேண்டாம் என்றுதான் மறைத்தேன் என்று எனக்கே ஒரு விளக்கம் கொடுத்துக்கொண்டேன். நல்ல விளக்கம். முப்பது வயதில் தயாரித்தது. பதின்மூன்று வயதில் என்னிடம் இருந்தது பையின் பாரம் பற்றிய பயம் மட்டும்.

பொய்க்கான விலையைக் கொடுத்தது என் அப்பா. அவர் வாழ்க்கையில் ஒரு காகிதத்தைக் கிழித்தவர் இல்லை. மளிகைப் பொட்டலத்தைக்கூட மடிப்பு மடிப்பாகப் பிரித்து அடுக்கி வைப்பவர். அன்றிலிருந்து நண்பன் எங்கள் வீட்டுக்குள் வருவதை நிறுத்தினான். கேட்டுக்கு வெளியே சைக்கிளில் நின்று பெல் அடிப்பான். அப்பா வெளியே வந்தால் தலையைக் குனிந்துகொள்வான்.

"உன் சிநேகிதன் ஏன் வாசலோடயே போயிடறான்?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். "நான் என்ன கடிச்சா திங்கறேன்?"

"அவனுக்குக் கூச்சம்ப்பா" என்றேன்.

அப்பா போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. அன்றைக்குப் பாடையின் முன்பக்கத்தைத் தூக்கியவன் அவன்தான். திரும்பி வரும் வழியில், "உங்கப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்டா. அந்தப் புஸ்தகத்த நான் மறந்துட்டேன்னு. சொல்லாமயே வுட்டுட்டேன்" என்றான். நான் குனிந்தபடி நடந்ததைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு தோளில் தட்டினான்.

இப்போது அவன் மாசக் கடைசியில் போகிறான். போனால் திரும்பி வரும் ஊர் இல்லை இது. இங்கே வேலை இருக்கும்வரைதான் வீடு. பிறகு கல்யாணப் பத்திரிகை வரும், அப்புறம் அதுவும் நிற்கும். நான் சொல்வதாக இருந்தால் இந்த நாலு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். சொன்னால், மூன்றாம் வகுப்பிலிருந்து இருக்கிற ஒரே ஆளையும் வழியனுப்பும் நேரத்தில் இழக்க வேண்டிவரலாம்.

தினம் மாலை ஆபீஸ் முடிந்து அவன் வீட்டுக்குப் போனேன். ஒரு நாளைக்கு ஒரு இதழ், ஞாயிற்றுக்கிழமை நாலு. நாற்பது வருடம் கழித்து அந்த ஆறு பேரைப் பார்ப்பது, கல்யாண மண்டபத்தில் பழைய வாத்தியாரைப் பார்ப்பது போலிருந்தது. எவ்வளவு சின்ன மனிதர்கள். மொழிபெயர்த்தவர் ஒவ்வொரு மாதமும் வேறு ஆள் போலிருக்கிறது. பூட்டுத் திறப்பவன் நாலாம் இதழில் "அடேய் மடையா" என்கிறான், ஐந்தாம் இதழில் "அன்பரே" என்கிறான். எத்தனை நாட்டு வில்லனாக இருந்தாலும் சாகும்போது "ஐயோ, தொலைந்தேன்" என்றுதான் சாகிறான். தலைவன் எல்லா இதழிலும் நாலாம் பக்கத்தில் மீட்டிங் போடுகிறான்.

"எங்க ஷிப்ட் இன்சார்ஜ் மாதிரியே இருக்கான்" என்றான் நண்பன். "வேல செய்யற நேரம் கம்மி. வெளக்கற நேரம் ஜாஸ்தி."

"அந்தப் பொண்ணுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி தெரியுமில்ல. அப்புறம் ஏன் எல்லா தடவையும் மாட்டிக்கறாங்க?"

"தெரிஞ்சா மட்டும்? எனக்குக்கூட மூட்டு போவப்போவுதுன்னு பத்து வருசம் முன்னாடியே தெரியும்."

ஒன்பதாம் இதழுக்குப் பிறகு எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. உலகம் மறுபடி ஆபத்தில். மறுபடி காப்பாற்றுகிறார்கள். மறுமாதம் மறுபடி. முப்பது வருடமாகத் தாழ்ப்பாள் எண்ணுகிறவனுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? ஆனால் அவன் விடவில்லை. கனக்காரன் வரும் படம் வந்தால் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, குனிந்து பார்ப்பான். "பாரு, இவன் ஒருத்தன்தான் பேசாம வேலயப் பாக்குறான்."

பன்னிரண்டாம் இதழில் மேல்பாதி மட்டும்தான். எல்லோருக்கும் தலை இருந்தது, கால் இல்லை. கனக்காரன் அந்த இதழில் வரவே இல்லை. வந்திருந்தால் கீழ்ப்பாதியில்தான் வந்திருப்பான். அதைப் பார்த்தபோது நண்பன், "எங்கப்பாவாவது பாதியக் குடுத்தாரு" என்றான். மனதில் எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் என் மனைவி. மூன்றாவது வீடு மாறும்போது உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டாள். "ஊரையே எழுத்துல கிண்டல் பண்றீங்க" என்றாள் இப்போது, ரசத்தை மூடிக்கொண்டே. "ஒரு பொம்ம புஸ்தகத்தக் குடுக்க ஒரு ஆயுசு போதலையா? அந்த அண்ணன் பாவம், மாமாவ ராட்சசன்னு நெனச்சுக்கிட்டே ஓசூர் போகணுமா?"

"பழைய புத்தகக் கடையில கெடச்சுதுன்னு சொல்லிடலாமான்னு பாக்கறேன்."

"சொல்லுங்க. இன்னொரு நாப்பது வருஷம் அத மறைங்க."

நாங்கள் படிக்கப் படிக்க அவன் வீடு காலியாகிக்கொண்டே வந்தது. பதினைந்தாம் இதழில் கட்டில் போயிற்று. இருபதில் அலமாரி. இருபத்தெட்டாம் இதழின்போது அவன் மனைவி வந்து நின்று, "அண்ணே, நீங்க ரெண்டு பேரும் எழுந்தாத்தான் இந்த ரெண்டு சேரயும் கட்டுவேன். ஒலகத்த எப்ப காப்பாத்தி முடிப்பீங்க?" என்றாள். அதற்குப் பிறகு தரையில் உட்கார்ந்து படித்தோம். உட்காருவது சுலபம். எழுவதற்கு ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சனிக்கிழமை முப்பத்தாறை முடித்தோம். லாரியும் அவன் மனைவியும் அன்றே போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நான் பட்டியலோடு போனேன். பன்னிரண்டு மணிக்கு அவனுக்குக் கார். பட்டியல் வைத்திருந்த கோப்புக்குள் பழுப்பு உறையும் இருந்தது.

மின்விசிறி மூன்று. சரி. குழாய் ஐந்து. சரி. பின்கதவுத் தாழ்ப்பாள் ஒன்று ஆடியது. "எழுதாதடா" என்றான். எழுதவில்லை. கையெழுத்துப் போட்டு முடித்ததும் உறையிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "கடலூர்ல ஒரு பழைய புத்தகக் கடையில..." என்று ஆரம்பித்தேன்.

அவன் நான் சொன்னதைக் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

"பழுப்பு" என்றான்.

"ஆமா."

உள்ளே புரட்டினான். எல்லாப் பக்கமும் இருந்தது. பின்னட்டையில், எங்கள் பெட்டியில் எல்லாப் புத்தகத்திலும் இருப்பது போல, மூலையில் பென்சிலால் முப்பத்தேழு என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. என் கையெழுத்து. பதின்மூன்று வயதில் ஒளித்துவைக்கிற புத்தகத்துக்கும் வழக்கம் மாறாமல் எண் போட்டிருக்கிறேன். குமாஸ்தா புத்தி அப்போதே இருந்திருக்கிறது.

அவன் என்னிடம் கடையைப் பற்றிக் கேட்கவில்லை. "உங்கப்பா கிழிக்கலையா?" என்று கேட்டான்.

வேறு எதைக் கேட்டிருந்தாலும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"கிழிக்கல."

"எதையுமே?"

"எதையுமே."

அவன் திரும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் போனான். தோட்டத்துக் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. முகம் கழுவினானோ, சும்மா திறந்து விட்டானோ, தெரியாது. நான் காலி அறையில் உட்கார்ந்து, 'ஏன் வாசலோடயே போயிடறான்?' என்று என் அப்பா கேட்டதையே நினைத்துக்கொண்டிருந்தேன். குழாய் நின்றது.

வந்து எதிரில் நின்றான். "அந்த மனுசன் எதிர்ல வந்தா ரோட்ட மாத்திகினு போவேன்டா. ரிட்டையர்மெண்ட்டுக்கு மால போட வாடான்னு எங்க பசங்க கூப்ட்டாங்க. போவல. ஒரு வருசம் பை தூக்கறதுக்காவா?"

"அதுக்காகத்தான்."

"நீலமாம். கடலாம். தூ."

அதற்கு மேல் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டத் தெம்பில்லை போலிருக்கிறது. எனக்கும் மன்னிப்புக் கேட்கத் தெம்பில்லை. கேட்பதாகத்தான் வந்தேன். வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன், நன்றாகவே எழுதப்பட்ட வாக்கியம். அவன் முகத்துக்கு முன்னால் அது பத்திரிகைக்கு அனுப்புகிற மாதிரி இருந்தது.

அவன் தரையில் உட்கார்ந்தான். புத்தகத்தை நடுவில் விரித்தான்.

"அன்னைக்குக் கொண்டாந்து குடுத்திருந்தீன்னா எப்டிப் படிச்சிருப்போம்? அப்டிப் படி. சத்தமா."

படித்தேன். தலைவனை நான் எடுத்துக்கொண்டேன், வில்லனை அவன். சாமான் இல்லாத வீட்டில் குரல் நாலு சுவரிலும் மோதித் திரும்பியது. எட்டாம் பக்கத்தில் அணையில் விரிசல் விழுகிறது. "மடமடமட" என்றேன் நான். மதகு உடையும் இடம் வந்ததும் இருவரும் சேர்ந்து, நுரையீரல் அனுமதித்த அளவுக்கு, "டமால்" என்றோம்.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரர், லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"சார், என்னாங்க சார் சத்தம்? நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து இப்பத்தாங்க படுத்தேன். எதனா வுழுந்துருச்சா?"

"அணைங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். நண்பன் முந்திக்கொண்டான். "மன்னிச்சுக்குங்க தம்பி. உங்களுக்கு ரெண்டாவது ஷிப்ட்டுன்னு நெனச்சேன்."

"ஒருத்தரோட மியூச்சுவல்ல ஷிப்ட்ட மாத்திகினேங்க."

அவர் எங்கள் இருவரையும், நடுவில் இருந்த புத்தகத்தையும் ஒருமுறை பார்த்தார். லுங்கியை இறுக்கிக்கொண்டு போய்விட்டார். கிழிக்கவில்லை.

நண்பனின் உதடு கோணியது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். மிச்சத்தை வாய் திறக்காமல் படித்தோம். பக்கத்தின் ஓரத்தை அவன் விரல் பிடித்திருந்தது. நான் இன்றும் மெதுவாகத்தான் படிக்கிறேன். தலையாட்டத் தலையாட்டத் திருப்பினான்.

கடைசிப் பக்கம். மதகின்மேல் கனக்காரன் தனியாக நிற்கிறான். நண்பன் அதில் குனிந்தவன் நிமிரவில்லை.

"மத்தவங்க போயிட்டாங்களா?" என்றான், கிசுகிசுப்பாக.

"வருவோம்னு சொன்னாங்க."

"அதுக்கப்பறம் இதழே வரல, இல்ல?"

"வரவே இல்ல."

"அடப்பாவிங்களா. ரிலீவர அனுப்பாம வுட்டுட்டானுங்களே." விரலால் அந்தப் படத்தைத் தொட்டான். "எங்க பெல்ட்டுல அடுத்த ஷிப்ட்டு ரிலீவர் வந்து கையில வாங்குற வரைக்கும் நவுரக் கூடாது. ஒரு வாட்டி மூணு ஷிப்ட்டு சேந்தாப்ல நின்னேன். இவன் இன்னும் நின்னுகினே இருக்கான் பாரு."

அவன் விரல் பக்கத்தின் ஓரத்துக்குத் திரும்பிப் போயிற்று. நான் படித்து எவ்வளவோ நேரமாகிவிட்டது. தலையாட்டவில்லை. அவனும் மூடவில்லை.

வெளியே கார் வந்து நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடிக்க, நண்பன் பதறிப்போய் ஜன்னல் வழியாக, "அடிக்காதப்பா, ஆளு தூங்குறாங்க" என்று கையை ஆட்டினான். பிறகு என் தோளைப் பிடித்து எழுந்தான். புத்தகத்தை உறையில் போட்டு, மூலையில் இருந்த தன் தோள்பையின் ஜிப்பைத் திறந்து உள்ளே வைத்தான். பையில் தண்ணீர் பாட்டில், மூட்டுக்குப் போடும் தைலம், பேரனுக்கு ஏதோ பொம்மை. தகரப் பெட்டியை எனக்கே விட்டுவிட்டான்.

சாவியை என்னிடம் கொடுத்தான். வாங்கிக்கொண்டு, "போன் பண்ணுடா" என்றேன்.  அவன் குனிந்து பையை எடுத்தான். எடுத்து என் தோளில் மாட்டினான்.

நான் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். கேட்டை அடைந்ததும் இறக்கப் போனேன்.

"கேட்டு வரைக்கும் இல்ல" என்றான், திரும்பிப் பார்க்காமல். "வண்டி வரைக்கும்."